பழைய அலமாரியைச் சுரண்டுவதற்கு முன்



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். ஒன்று பலகாரம். மற்றொன்று சாயம். சுவருக்குப் பூசியது போக அரை டின் சாயம் மிஞ்சினால் போதும், அது பழைய மேசை, நாற்காலி, அலமாரி மேல் திரும்பும். நம் பெண்பிள்ளைகள் இப்போது அதோடு நிற்பதில்லை. பழைய அலமாரியைச் சுரண்டி, வெளிர் நிறச் சாயம் பூசி, கதவில் ரோஜாக் கொத்து, தாமரை, மயில் என்று படங்களை ஒட்டுகிறார்கள். அல்லது தாளில் உள்ள படத்தை அப்படியே பலகைக்கு மாற்றி, கடையில் வாங்கியது போல ஆக்கிவிடுகிறார்கள்.

இது பாராட்ட வேண்டிய பழக்கம். தாத்தா காலத்து அலமாரி கெட்டிப் பலகையில் செய்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் தூள் பலகை அலமாரியோ தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், ஆணி பிடிக்காது. கெட்டிச் சாமானைக் குப்பையில் போட்டுவிட்டு, தவணைக்குத் தூள் பலகை வாங்குவதில் என்ன லாபம்? பழையதைப் புதுப்பிப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் அந்த வேலைக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புதிதாகப் பூசுகிற சாயத்தைவிட, சுரண்டி எடுக்கிற பழைய சாயத்தில்தான் அது அதிகம். அதில் அடிபடுவது சுரண்டுகிறவர் மட்டுமல்ல. பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்குத்தான் முதல் அடி. இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

காரீயம் என்பது எது?

பழைய சாயத்தில் இருக்கக்கூடிய நஞ்சு ஈயம். ஈயம் என்றதும் பேராக் மாநிலத்து ஈய லம்பங்களும், ஈயச் சொம்பில் வைக்கும் ரசமும் ஞாபகத்துக்கு வரும். அது வேறு. அது வெள்ளீயம், மலாயில் தீமா. நான் சொல்வது காரீயம். பெட்ரோல் நிலையத்தில் ‘தன்பா பிளம்பும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பிளம்பும்தான் இது. பெட்ரோலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் பழைய பலகைகளில் பூசிய சாயம் அப்படியே இருக்கிறது.

காரீயத்தைச் சாயத்தில் கலந்ததற்குக் காரணம் உண்டு. சாயம் சீக்கிரம் காயும், மழை வெயிலைத் தாங்கும், நிறம் பளிச்சென்று இருக்கும். வெள்ளைச் சாயத்துக்கு ஈய வெள்ளை, துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் பூசும் சிவப்புக்கு ஈயச் செந்தூரம், மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட் என்று பல வகையில் சேர்த்தார்கள். மிகப் பழைய சாயங்களில் காய்ந்தபின் எடையில் பாதி வரைகூட காரீயம் இருந்ததுண்டு. இன்று ஐக்கிய நாடுகள் அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச அளவு பத்து லட்சம் பங்கில் 90 பங்குதான். வித்தியாசத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில் வீட்டுச் சாயம், விளையாட்டுச் சாமான், மேசை நாற்காலி ஆகியவற்றில் ஈயச் சாயத்தைத் தடை செய்தார்கள். ஆனால் உலகம் முழுவதும் அப்படி நடந்துவிடவில்லை. ஏறக்குறைய பாதி நாடுகளில்தான் இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆகவே பழைய சாமான் எந்த ஊரில் செய்தது, எந்தச் சாயம் பூசியது என்று தெரியாதபோது, அதில் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே பாதுகாப்பு. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் அதிகம்?

“அட, நாங்களும் அந்தச் சாயத்துலதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆச்சு டிரெசர் ஐயா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இதோ.

அலமாரியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் சாயம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் மாவு மாதிரித் தூள் பறக்கிறது. அந்தத் தூள் தரையில், பாயில், பொம்மையில் படிகிறது. பெரியவர்கள் அதன்மேல் நடந்துபோவோம். குழந்தையோ அதன்மேல் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கு குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்ளும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளர்கிற மூளை அது. அங்கே போய்த்தான் காரீயம் வேலையைக் காட்டும்.

காய்ச்சல் வந்தால் நெற்றி சுடும். வயிற்றுப்போக்கு என்றால் கண்ணுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. சிறிய அளவில் போனால் அடையாளமே தெரியாது. பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருக்கும், எதிலும் கவனம் நிற்காது, எரிந்து எரிந்து விழும், படிப்பு ஏறாது. “இவன் மக்கு” என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். படிப்பு ஏறாததற்கு எத்தனையோ காரணம் உண்டு. எல்லாவற்றுக்கும் காரீயத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் காரீயத்தால் மூளைக்கு வந்த குறையை மருந்து கொடுத்துத் திருப்பி எடுக்க முடியாது. வராமல் தடுக்கத்தான் முடியும். இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது.

அளவு கூடினால் வயிற்றுவலி, மலச்சிக்கல், வாந்தி, இரத்தச்சோகை வரும். மிகவும் கூடினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கர்ப்பிணிகளும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உடம்பில் சேரும் காரீயம் எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இரத்தத்துக்குத் திரும்பி, கருவில் இருக்கும் சிசுவுக்கும் போகும். “பிள்ளை வரப்போகுது, பழைய தொட்டில் கட்டிலுக்குச் சாயம் பூசலாம்” என்று கர்ப்பிணியே உட்கார்ந்து தேய்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

குவீன்ஸ்லாந்து கற்ற பாடம்

நம்மைப்போல வெயிலும் மழையும் உள்ள ஊர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. அங்கேயும் பலகை வீடுகள், சுற்றிலும் வராந்தா, சாயம் பூசிய கைப்பிடிகள். பிரிஸ்பேன் நகரில் பிள்ளைகள் வயிற்றுவலி, கைகால் விளங்காமை, கண்பார்வைக் கோளாறு ஆகியவற்றோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அது காரீய நஞ்சு என்று டாக்டர் ஜெஃபரிஸ் டர்னர் 1892-ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1904-ஆம் ஆண்டில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் அதைச் சுட்டிக் காட்டினார். வெயிலில் காய்ந்து மாவாகிப்போன வராந்தாச் சாயம் பிள்ளைகளின் கையில் ஒட்டி, விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் உள்ளே போனது என்றார்.

பலர் உடனே நம்பவில்லை. 1922-ஆம் ஆண்டில்தான் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடங்களில் ஈயச் சாயம் பூசக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. காரணம் தெரிந்தபின்னும் 18 ஆண்டுகள் போயின. நம் வீட்டில் நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பலகையைப் பாருங்கள்

வேலையைத் தொடங்குமுன் சாமானை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய சாயம் உரியாமல், வெடிக்காமல் கெட்டியாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அதன் மேலேயே புதுச் சாயம் பூசி மூடிவிடுங்கள். இதுதான் சுலபமான வழியும் பாதுகாப்பான வழியும்.

சாயம் அங்கங்கே உரிந்திருந்தால், உரிந்த இடத்தை மட்டும் கீழே சொல்லும் முறையில் ஈரமாகச் சுரண்டுங்கள். முழுவதையும் பலகை தெரியத் தேய்க்கத் தேவையில்லை.

குழந்தைத் தொட்டில், கட்டில், நடைவண்டி, உயர நாற்காலி ஆகியவை பழையதாக இருந்து, என்ன சாயம் என்று தெரியாவிட்டால் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பல் முளைக்கும் பிள்ளை கம்பியைக் கடிக்காமல் இருக்காது. மேலே எத்தனை தடவை பூசினாலும் பல்லுக்குத் தாங்காது. சேலைத் தொட்டில் இருக்கிறதே, அது போதும்.

சரக்குப் பலகைகளை உடைத்து மேசை செய்பவர்கள் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடு காட்டிப் பூச்சியைக் கொன்றது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

சுரண்டும் முறை

1. வீட்டுக்கு வெளியே, காற்று அதிகம் வீசாத நேரத்தில் செய்யுங்கள். கீரைப் பாத்தி, கோழிக் கூடு, பிள்ளைகள் விளையாடும் இடம் பக்கத்தில் வேண்டாம். கோழி சாயச் செதிலைக் கொத்தித் தின்றால் காரீயம் முட்டையிலும் வரும்.

2. கீழே பெரிய பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேலை முடிந்து சுத்தம் செய்யும் வரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

3. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள் இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும். அதை வாங்குங்கள். பலகையில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும். ஈரத்தில் தூள் பறக்காது, சேறு மாதிரி வரும். அதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

4. மின்சாரத்தில் ஓடும் தேய்ப்பு இயந்திரம் வேண்டவே வேண்டாம். நெருப்பு காட்டிச் சாயத்தை உரிப்பதும் கூடாது. சூட்டில் காரீயம் புகையாகி நேரே நெஞ்சுக்குள் போகும். சுரண்டிய பழைய பலகையை அடுப்பில் எரிப்பதும் இதே கதைதான்.

5. மூக்கில் துண்டைக் கட்டினால் தூள் நிற்காது. என்-95 வகை முகக்கவசம் அணியுங்கள். அது தூளுக்கு மட்டும். தின்னர் ஆவியை அது தடுக்காது.

6. வேலை நடக்கும்போது வெற்றிலை, சிகரெட், தேநீர், பலகாரம் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவியபின் சாப்பிடுங்கள்.

7. முடிந்ததும் விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டி, துடைத்த துணியோடு சேர்த்து இரண்டு பைகளில் போட்டுக் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். எரிக்காதீர்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் திரும்பவும் கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள்.

8. குளித்து உடை மாற்றியபின் பிள்ளையைத் தூக்குங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

சாயத்தை உரிக்க மருந்துத் தண்ணீர் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அவற்றில் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு என்ற இரசாயனம் உண்டு. அடைத்த அறையில் அதைப் பயன்படுத்தியவர்கள் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை 2019-ஆம் ஆண்டில் தடுத்துவிட்டார்கள். டின்னில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

பூசுவதும் படம் மாற்றுவதும்

புதுச் சாயத்தைத் தண்ணீரில் கரையும் வகையாக வாங்குங்கள். ஈயம் சேர்க்காதது என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அடிச்சாயம் ஒரு தடவை, பிறகு மெல்லியதாக இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. நம் ஊர் ஈரக் காற்றில் காய்வதற்கு நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

படம் ஒட்டும் வேலை புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரில் சீன, ஜப்பானிய அரக்கு வேலைச் சாமான்களுக்குப் பெரிய கிராக்கி. விலையோ எட்டாத விலை. அச்சடித்த படங்களை வெட்டி ஒட்டி, நிறம் தீட்டி, மேலே பல தடவை வார்னிஷ் பூசி அதே மாதிரி ஆக்கினார்கள். ஏழையின் அரக்கு வேலை என்றே அதற்குப் பெயர் வந்தது. காசில்லாதவன் கண்டுபிடித்த அழகு அது. நமக்குப் பொருத்தமானதுதான்.

தாளிலிருந்து பலகைக்குப் படத்தை மாற்ற, தூள் மையில் ஓடும் நகல் இயந்திரத்தில் எடுத்த படம் வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் நீர் மை இயந்திரத்துப் படம் கரைந்துவிடும். எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். பலகையில் வெள்ளைப் பசையைச் சமமாகத் தடவி, படத்தைக் குப்புறப் போட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் தாளை நனைத்து, விரலால் மெதுவாக உருட்டி உருட்டி எடுத்தால் தாள் போகும், படம் நிற்கும். காய்ந்தபின் தண்ணீர் வார்னிஷ் இரண்டு தடவை பூசுங்கள். தின்னரை நனைத்துப் படம் மாற்றும் முறையும் உண்டு. பிள்ளைகள் சேர்ந்து செய்கிற வேலை என்பதால் அது வேண்டாம்.

மைதா காய்ச்சிய பசையும் ஒட்டும். ஆனால் கரப்பான் பூச்சிக்கு அது விருந்து. வலை போட்ட சாப்பாட்டு அலமாரிக்கு அதை உபயோகிக்காதீர்கள். அந்த அலமாரிக்கு வெளிப்பக்கம் மட்டும் சாயமும் படமும் போதும். உள்ளே பழைய சாயம் உரிந்திருந்தால் அதில் சாப்பாடு வைப்பதை நிறுத்தி, துணி வைக்கும் அலமாரியாக மாற்றிக்கொள்ளுங்கள். பூசிய சாமானை வாடை போகும்வரை படுக்கும் அறையில் வைக்காதீர்கள்.

தின்னர், எண்ணெய், நெருப்பு

மிச்சத் தின்னரை, மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது நம்மிடம் உள்ள மிக மோசமான பழக்கம். தாகத்தில் வருகிற பிள்ளைக்கு அது தண்ணீர்தான். எதை எந்த டின்னில் வாங்கினீர்களோ அதிலேயே வைத்து, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எல்லாம் ஆபத்து. வாந்தி வரும்போது எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். வாயைத் துடைத்து, டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். பிள்ளை சும்மா இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு வாருங்கள்.

ஆளி விதை எண்ணெயால் பலகையை மெருகேற்றுபவர்கள், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். நெருப்புப் படாமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

சந்தேகம் வந்தால்

பழைய சாயத்தைச் சுரண்டியபோது பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தாலோ, செதிலை வாயில் போட்டதைப் பார்த்திருந்தாலோ, சுகாதார நிலையத்து டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். “வயித்து வலி” என்று மட்டும் சொன்னால் அவர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பலாம். சாயம் என்று சொன்னால்தான் காரீயத்துக்கு இரத்தம் பார்க்கத் தோன்றும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்குமேல் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டல்.

சாயம் பூசுகிறவர்கள் பால் குடித்தால் விஷம் போய்விடும் என்பார்கள். உள்ளே போன காரீயத்தைப் பால் எடுக்காது. ஆனால் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை காரீயத்தை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. ஆகவே முருங்கைக் கீரை, கேழ்வரகு, நெத்திலி, முட்டை, கொய்யா ஆகியவற்றை வழக்கமாகக் கொடுங்கள். வெறும் வயிற்றோடு விளையாட விடாதீர்கள்.

வேலை இடத்தில்

கடைசியாகச் சங்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய குடியிருப்பு, ஆயாக் கொட்டகை, ஆலை இரும்புத் தூண் ஆகியவற்றைச் சுரண்டிச் சாயம் பூசும் வேலைக்கு உங்களை அனுப்பினால், வீட்டுக்குச் சொன்ன விதிகள் எல்லாம் அங்கேயும் பொருந்தும். ஈய வெள்ளைச் சாயத்தைக் கட்டுப்படுத்த அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1921-ஆம் ஆண்டிலேயே 13-ஆவது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. தொழிலாளியின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு என்பது நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். ஆகவே முகக்கவசம், ஈர முறை, கை கழுவ சோப்புத் தண்ணீர், உடை மாற்ற இடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால், ஆலைத் தூணிலிருந்த காரீயத்தை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்ததாக ஆகும்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, சாய டின் வைக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். உப்புத்தாளை எடுக்கும்போது கண்ணில் படட்டும்.